கொக்கின் முழங்கால் எங்கே?

குளத்தங்கரையில் நிற்கும் கொக்கை வரையச் சொன்னால் பெரும்பாலோர் உடலையும் கழுத்தையும் தயங்காமல் வரைந்துவிடுவார்கள். கால் வரும்போது பென்சில் நின்றுவிடும். காலின் நடுவில் ஒரு மூட்டு தெரிகிறது. நம் முழங்கால் முன்பக்கம் துருத்தும். கொக்குக்கோ அது பின்பக்கம் துருத்துகிறது. பறவைக்கு முழங்கால் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டு, தெரிந்ததைத் தெரிந்தபடி வரைந்து முடிப்பார்கள். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொக்கு நிற்காது. இப்போதோ சற்று நேரத்திலோ பின்னால் சாய்ந்துவிடும் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும்.

அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே வயிற்றோர இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் துருத்துகிறது. குட்டையான தொடை எலும்பு உடலை ஒட்டி, ஏறக்குறையக் கிடைமட்டமாக முன்னோக்கிச் செல்கிறது. கணுக்காலுக்குக் கீழே கால் என்று நாம் பார்க்கும் நீண்ட தண்டு, நம் பாதத்தின் நடுவில் இருக்கும் எலும்புகளுக்கு நிகரானவை ஒன்றாக இணைந்து நீண்ட ஒற்றை எலும்பு. தரையில் படுவது விரல்கள் மட்டுமே. ஆக, கொக்கு வாழ்நாள் முழுக்க நுனிக்காலில்தான் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட கை வரையும் கொக்கு உடனே மாறிவிடும். இடுப்பு மூட்டு உடலின் பின்பகுதியில் இருந்தாலும், தொடை முன்னோக்கிப் போவதால் விரல்கள் உடல் எடையின் மையத்துக்கு நேர்கீழே வந்து ஊன்றுகின்றன. உடலின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய செங்குத்துக் கோட்டை இறக்கிப் பார்த்தால் அது விரல்களின் பரப்புக்குள் விழ வேண்டும். பறவை ஒற்றைக் காலில் நின்றால், முன்னிருந்து பார்க்கும்போது அந்த ஒரு பாதம் உடலின் நடுக்கோட்டுக்கு அடியில் நகர்ந்திருக்க வேண்டும். பறவைகளை வரையக் கற்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எலும்பைப் பற்றிய ஓர் அறிவு, கண்ணுக்குத் தெரியும் ஒரு கோட்டைத் திருத்துகிறது.

முட்டை வடிவத்திலிருந்து தொடங்கு என்று ஓவிய வகுப்புகளில் சொல்வார்கள். அது ஏன் இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது என்பதற்கும் எலும்பில் விடை இருக்கிறது. பூனையின் முதுகு வில்லாக வளையும், நாயின் முதுகு ஓடும்போது மடங்கி நீளும். பறவையின் உடற்பகுதி அப்படி வளைவதில்லை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்போடு ஒன்றாக இணைந்து இறுகிவிட்டது. நெஞ்சுப் பக்கம் அகன்ற மார்பெலும்பு இருக்கிறது. பறப்புத் தசைகள் அதில்தான் பற்றியிருக்கின்றன. சிறகடிக்கும் விசையைத் தாங்க உடல் ஒரு விறைப்பான கூடாக இருந்தாக வேண்டும். எனவே வரைபவர் ஒரு முட்டையைப் போட்டுவிட்டு, அதை வளைக்காமல் சாய்க்க மட்டும் செய்தால் போதும். அசைவெல்லாம் கழுத்திலும் வாலிலும் கால்களிலும் சிறகுகளிலும் நடக்கட்டும்.

அமெரிக்க இயற்கை ஓவியர் ஜான் மியூர் லாஸ், பறவை வரைவது பற்றி 2012இல் வெளியிட்ட நூலில் முட்டைக்கும் முன்னால் ஒரு கோட்டை வைக்கிறார். பறவை எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைக் காட்டும் ஒரே கோடு அது. அடுத்து உடலுக்கும் தலைக்குமான அளவு. அதன் பிறகு தலை உடலோடும், வால் உடலோடும் சேரும் இடங்களில் உண்டாகும் கோணங்கள். இறகு, நிறம், கண்ணின் ஒளி எல்லாம் கடைசியில். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். கண்ணில் தொடங்கி, அலகை அழகாக முடித்து, உடலுக்கு வரும்போது தாளில் இடம் போதாமல் திண்டாடுவார்கள்.

அந்த முதல் கோடு எவ்வளவு பேசும் என்பதை ஒரு மின்கம்பியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கரிச்சான் நிமிர்ந்து உட்காரும். அதே கம்பியில் புறா கிடைவாட்டில் கனமாக அமர்ந்திருக்கும். கீழே வயல் வரப்பில் ஆட்காட்டி உடலைத் தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு ஓடி, நின்று, மறுபடி ஓடும். நிறமும் இறகும் தெரியாத தொலைவிலிருந்து ஒரு பறவையைப் பார்த்ததுமே பெயர் சொல்பவர்கள், தங்களை அறியாமல் இந்தக் கோட்டைத்தான் படிக்கிறார்கள்.

தலையில் அதிகம் தவறுவது கண்ணின் இடம். தலைவட்டத்தின் நட்டநடுவில் கண்ணை வைத்துவிடுவது வழக்கம். உண்மையான பறவையில் அலகின் இரு பாதிகளும் சேரும் வாய்க்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், பல இனங்களில் கண் அதற்குச் சற்று மேலே, நெருக்கமாக இருக்கும். விதிவிலக்குகள்தான் சுவையானவை. சேற்றில் அலகைப் புதைத்து இரை தேடும் உள்ளானுக்குக் கண்கள் பக்கவாட்டில், மிகவும் பின்தள்ளி, உயரத்தில் இருக்கின்றன. தலை குனிந்திருக்கும்போதே பின்னாலும் மேலேயும் வரும் ஆபத்தை அதனால் காண முடியும். ஆந்தைக்கு நேர்மாறு. இரண்டு கண்களும் முன்னோக்கிப் பார்க்கின்றன. அவை உருண்டையாக இல்லாமல் குழல் வடிவில் இருப்பதால் குழிக்குள் சுழல முடியாது. ஓரத்தில் இருப்பதைப் பார்க்க ஆந்தை தலையையே திருப்ப வேண்டும். அதற்காகவே 14 கழுத்தெலும்புகளோடு ஏறத்தாழ 270 பாகை வரை திரும்பும் கழுத்து அதற்கு வாய்த்திருக்கிறது. ஆகவே கடைக்கண்ணால் பார்க்கும் ஆந்தையை வரைந்தால் அது உயிருள்ள ஆந்தையாகாது. புள்ளி ஆந்தையை வரைபவர் முதலில் முகத்தட்டைப் போட்டு, அது எந்தத் திசையில் இருக்கிறது என்று முடிவுசெய்துவிட வேண்டும். உடல் ஒரு பக்கமும் முகம் இன்னொரு பக்கமுமாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

அலகு முகத்தில் ஒட்டவைத்த உறுப்பாகத் தெரியக் கூடாது. அது மண்டையோட்டின் நீட்சி. 1837 ஜனவரியில் லண்டன் விலங்கியல் கழகத்தில் பறவையியலாளர் ஜான் கூல்ட், காலபகஸ் தீவுகளிலிருந்து டார்வின் கொண்டுவந்த சிறு பறவைகள் எல்லாம் ஒரே குழுவைச் சேர்ந்த குருவிகள் என்று அறிவித்தார். பருத்தும் மெலிந்தும் வளைந்தும் இருந்த அலகுகள், அவை வெவ்வேறு குடும்பப் பறவைகள் என்று எண்ண வைத்திருந்தன. டார்வினின் பயண விலங்கியல் நூலில் வந்த பறவைப் படங்களை வரைந்தவர் கூல்டின் மனைவி எலிசபெத். பின்னாளில் பரிணாமம் பற்றிய பேச்சில் அந்த அலகுகள் எத்தனை முறை வரப்போகின்றன என்பதை அறியாமலேயே 1841இல் அவர் இறந்துபோனார். அலகின் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதற்கு அந்தப் படங்களைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

கழுத்துக்கு வருவோம். மனிதருக்கு 7 கழுத்தெலும்புகள், ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். பறவைகளில் இது இனத்துக்கு இனம் மாறுகிறது. அன்னத்துக்கு 20க்கு மேல். ஆனால் எண்ணிக்கையைவிட, எந்த இடத்தில் மடிகிறது என்பதே வரைபவருக்கு முக்கியம். கொக்கு, சாம்பல் நாரை ஆகியவற்றின் குடும்பத்தில் ஆறாவது கழுத்தெலும்பு நீண்டு உருமாறியிருப்பதால் கழுத்து அங்கே சட்டென்று முறிந்து திரும்புகிறது. அந்தக் கோணத்தை மென்மையான வளைவாக மாற்றினால் கொக்கு அன்னமாகிவிடும். பாம்புத்தாராவுக்கு எட்டாவது, ஒன்பதாவது எலும்புகளுக்கிடையே ஒரு கீல் அமைப்பு இருக்கிறது. நீருக்கடியில் மீனைக் குத்த அலகு பாய்ந்து செல்வது அந்தக் கீலின் விசையால்தான். பறக்கும்போதும் கழுத்து ஓர் அடையாளம் தருகிறது. சாம்பல் நாரை கழுத்தை மடித்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தி நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். பெயரில் நாரை இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள்.

நீண்ட கழுத்து, தாளுக்கும் ஒரு சிக்கல். ஜான் ஜேம்ஸ் ஆடுபான் அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் உயிரளவிலேயே வெளியிடுவதென்று உறுதியாக இருந்தார். 1827 முதல் 1838 வரை 435 படத்தாள்களாக வந்த அந்தத் தொகுப்புக்கு, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள தாள் பயன்பட்டது. பூநாரை அதற்குள்ளும் அடங்காது. எனவே அதன் கழுத்தை வளைத்துத் தலையைக் காலருகே கொண்டுவந்தார். இரை தேடும்போது பூநாரை உண்மையிலேயே தலையை அப்படித்தான் தாழ்த்துகிறது. தாளின் நெருக்கடி பறவையின் இயல்போடு பொருந்திப்போன அருமையான இடம் அது.

விரல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே நேரும் பிழைதான் முதலில் கண்ணில் படும். காகத்துக்கும் மைனாவுக்கும் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. கிளி, மரங்கொத்தி, செம்போத்து ஆகியவற்றுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மீன்கொத்திக்கு முன்விரல்கள் பாதி தூரம் ஒட்டியிருக்கும். மூன்று முன்விரல்களோடு கிளையில் உட்கார்ந்திருக்கும் கிளியைப் படங்களில் காணும்போதெல்லாம், வரைந்தவர் கிளியைப் பார்த்து வரையவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இறகுகள்தான் புதிதாக வரைபவரை அதிகம் அலைக்கழிக்கும். உடல் முழுக்கச் செதில் செதிலாக வளைவுகளைப் போட்டு நிரப்பிவிடுவது எல்லோரும் கடந்துவரும் நிலை. பறவையின் தோலில் இறகுகள் எங்கும் பரவலாக முளைப்பதில்லை. குறிப்பிட்ட பட்டைகளில் மட்டுமே முளைக்கின்றன, இடையில் வெற்றுத்தோல் இருக்கிறது. ஒவ்வொரு பட்டையின் இறகுகளும் ஒரு கூட்டமாக அசைகின்றன. கன்னம், தொண்டை, மார்பு, விலா, முதுகு, தோள் என்று இந்தக் கூட்டங்களின் எல்லைகளைத் தெரிந்துகொண்டால் வெளிச்சமும் நிழலும் விழும் இடங்கள் தாமே விளங்கும். குளிரில் பறவை உப்பிக்கொள்ளும்போதும், அஞ்சி ஒடுங்கும்போதும் உருவம் மாறுவது இந்தக் கூட்டங்கள் எழுந்து படிவதால்தான். அசல் உடல் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது.

சிறகை நம் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று அதே மூட்டுகள். மணிக்கட்டுக்கு அப்பால், கைப்பகுதியில் முளைப்பவை முதன்மை இறகுகள். பெரும்பாலான பறவைகளுக்கு இவை 9 அல்லது 10. முன்னங்கை எலும்பில் வரிசையாகப் பற்றியிருப்பவை இரண்டாம் நிலை இறகுகள். இவற்றின் எண்ணிக்கை கைநீளத்துக்கு ஏற்ப மாறும். முன்னங்கை மிகக் குட்டையான ஓசனிச்சிட்டுக்கு 6 அல்லது 7. கடல்மேல் மிதந்து பறக்கும் அல்பட்ராசுக்கு 30ஐத் தாண்டும். இந்தப் பெரிய இறகுகளின் அடிப்பாகத்தை மூடியபடி சிறிய போர்வை இறகுகள் வரிசை வரிசையாகப் படிந்திருக்கின்றன.

சிறகு மடியும்போது நடப்பதைத்தான் கை பழகிக்கொள்ள வேண்டும். பனையோலை விசிறியைச் சுருக்குவதுபோல இறகுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நழுவி அடுக்கிக்கொள்கின்றன. முதன்மை இறகுகள் கிட்டத்தட்ட முழுக்க உள்ளே போய்விட, அவற்றின் நுனிகள் மட்டும் வாலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உடலை ஒட்டிய சில இறகுகள் மேலே மூடியாகப் படியும். உட்கார்ந்திருக்கும் மைனாவின் சிறகில் முதன்மை இறகுகள் பத்தையும் முழு நீளத்துக்கு வரைந்தவர் எண்ணிக்கையில் சரி, பார்வையில் தவறு. வெளியே தெரியும் நுனிகளை மட்டும் வரைந்து மற்றதை விட்டுவிடுவதே சரி. அந்த நுனிகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பதுகூட ஒரு செய்தி. நெடுந்தூரம் வலசை போகும் பறவைகளுக்கு அவை பொதுவாக நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். புதருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும் தவிட்டுக்குருவிக்குக் குட்டையாக இருக்கும்.

நிறப்பெட்டியைத் திறந்ததும் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி கிடையாது. பனங்காடையின் சிறகிலும் கிடையாது. இறகு இழைகளுக்குள் கெரட்டினும் காற்றும் பஞ்சுபோல் கலந்த மிக நுண்ணிய அமைப்பு இருக்கிறது. அது நீல அலைநீளங்களை மட்டும் வலுவாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த இறகைப் பொடியாக அரைத்தால் நீலம் போய்விடும். மயில்தோகையின் பளபளப்பு வேறொரு ஏற்பாடு. மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக் காட்டுகின்றன. கிளியின் பச்சை ஒரு கூட்டு நிறம்: அமைப்பால் வரும் நீலத்தின்மேல் மஞ்சள் நிறமி. ஆகவே கிளிக்குப் பச்சைப் பென்சிலை நேரடியாக எடுப்பதைவிட, நீலப் பூச்சின்மேல் மஞ்சளை மெல்ல ஏற்றினால் உயிர் வரும். இயற்கை செய்திருப்பதும் அதுதான். கொக்கின் வெள்ளை எல்லா அலைநீளங்களையும் சிதறடிப்பதால் வருவது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கொக்கை வரைய வெள்ளை வண்ணம் தேவையே இல்லை. பின்னணியையும் நிழலையும் வரைந்தால் கொக்கு மிஞ்சும்.

பூநாரையின் இளஞ்சிவப்பு உணவிலிருந்து வருகிறது; பாசியிலும் சிறு உயிரிகளிலும் உள்ள கரோட்டின் வகை நிறமிகள் இறகில் சேர்கின்றன. அந்த உணவு கிடைக்காவிட்டால் அடுத்து முளைக்கும் இறகுகள் வெளுத்துவிடும். கண்ணின் நிறம், அலகடித் தோலின் நிறம், காலின் நிறம் இறந்த சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். இந்த ஒரே காரணத்தால், அருங்காட்சியகத்துப் பதப்படுத்திய தோலை மட்டும் பார்த்து வரைந்தவர்கள் நூற்றாண்டுகளாகத் தவறியிருக்கிறார்கள்.

தவறுகள் நிறத்தோடு நிற்கவில்லை. மகெல்லன் தொடங்கிய உலகப் பயணத்தை முடித்துக்கொண்டு 1522இல் ஸ்பெயினுக்குத் திரும்பிய விக்டோரியா கப்பலில் சொர்க்கப் பறவைகளின் தோல்கள் வந்தன. நியூகினிப் பகுதி மக்கள் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை நீக்கிவிடுவது வழக்கம். ஐரோப்பாவில் அதைக் கண்டவர்கள், இந்தப் பறவைக்குக் கால்களே கிடையாது, தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்கிறது என்று நம்பினார்கள். அப்படியே வரைந்தும் வைத்தார்கள். 1758இல் லின்னேயஸ் பெரிய சொர்க்கப் பறவைக்குப் பெயரிட்டபோது, காலற்றது என்று பொருள்படும் அபோடா என்ற சொல் அதில் இடம்பெற்றது. 1857இல் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் ஆரூ தீவுகளுக்குச் சென்று அவை மரக்கிளைகளில் கூடி ஆடுவதைப் பதிவுசெய்தார். பெயர் இன்றும் மாறவில்லை.

டோடோவின் கதை இன்னும் வருத்தமானது. மொரீசியசில் வாழ்ந்து அழிந்த அந்தப் பறவையை, ஐரோப்பிய ஓவியர்கள் பெரும்பாலும் உருண்டுதிரண்ட உடலோடு வரைந்தார்கள். ஒருவர் வரைந்ததை அடுத்தவர் பின்பற்றினார். 1990களில் ஆய்வாளர் ஆண்ட்ரூ கிச்னர், எஞ்சிய எலும்புகளைக் கொண்டு எடையைக் கணித்து, காட்டில் வாழ்ந்த டோடோ அந்தப் படங்களில் உள்ளதைவிட மெலிந்தது என்று காட்டினார். முகலாய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1625ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படும் ஒரு டோடோ, இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. இந்தியாவுக்கு உயிரோடு கொண்டுவரப்பட்ட பறவையைப் பார்த்து வரைந்தது அது. டோடோ எப்படி இருந்தது என்று கேட்கும் ஆய்வாளர்கள் முதலில் நாடும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று. மன்சூர் சைபீரியக் கொக்கையும் வரைந்தார். அறிவியல் அதற்குப் பெயரிடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால்.

உயிருள்ள பறவையிடமிருந்து கற்பதற்கு எட்வர்ட் லியர் மிகச் சிறந்த சான்று. வேடிக்கைக் கவிதைகளுக்காகப் பின்னாளில் புகழ்பெற்ற அதே லியர்தான். 18 வயதில், 1830இல், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் கிளிகளை வரைய அனுமதி பெற்றார். காவலர் கிளியைப் பிடித்துக்கொள்ள, சிறகையும் காலையும் அளந்து குறித்துக்கொண்டு வரைந்தார். 42 படங்களோடு அந்த நூல் 1832இல் நின்றது. அதில் ஒரு நீலப் பஞ்சவர்ணக்கிளியை அப்போது அறியப்பட்டிருந்த ஓர் இனத்தின் பெயரிலேயே வெளியிட்டார். அது தனி இனம் என்பது பிறகு தெரியவந்து, 1856இல் அதற்கு லியரின் பெயர் சூட்டப்பட்டது. பிரேசில் காடுகளில் அது எங்கே வாழ்கிறது என்பதை 1978இல்தான் கண்டுபிடித்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கண் முன்னால் இருந்ததை மாற்றாமல் வரைந்ததால், ஓர் இனத்தைப் பிரித்தறியும் அளவுக்குத் துல்லியமான படம் கிடைத்தது.

இந்தியாவில் இந்த முயற்சி லியருக்கு முன்பே நடந்திருந்தது. 1777 முதல் 1782 வரை கல்கத்தாவில் மேரி இம்பே என்ற ஆங்கிலேயப் பெண்மணி வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் பாட்னா மரபில் பயின்ற ஷேக் சைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர் வரைந்தார்கள். முகலாயச் சிற்றோவியத்தில் பழகிய மெல்லிய தூரிகை, ஒவ்வொரு இறகின் விளிம்பையும் தொட்டுச் சென்றது.

அடுத்த கட்டம் சென்னையில். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹென்றி குவில்லிமின் மனைவி எலிசபெத் குவில்லிம் 1801இல் இங்கே வந்தார். தெலுங்கு கற்றார், செடிகொடிகளைச் சேகரித்தார், பறவைகளை வரைந்தார். பருந்து, நாரை போன்ற பெரிய பறவைகளையும் பெரிய தாள்களில் இயன்றவரை உயிரளவில் தீட்டினார். ஆடுபானின் முதல் படத்தாள் வெளியாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வேலை இது. அவருடைய சிறகுகளில் இறகுக் கூட்டங்கள் முறையாகப் பிரிந்து தெரிகின்றன. எது எதன்மேல் படிகிறது என்று அவர் பார்த்திருக்கிறார். 1807இல் சென்னையிலேயே இறந்து, புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். படங்கள் யாருக்கும் தெரியாமல் கிடந்தன. 1924இல் லண்டனில் கேசி வுட் என்ற மருத்துவரின் கண்ணில் பட்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 121 பறவை ஓவியங்கள். பறவை ஓவிய வரலாற்றில் ஆடுபானின் பெயர் ஒலிக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இவர் பெயர் ஒலிக்காதது பெரிய குறை. அதிலும், இந்த மண்ணின் பறவைகளை இந்த மண்ணிலேயே அமர்ந்து வரைந்தவரைத் தமிழ் வாசகர்கள் அறியாமல் இருப்பது கூடாது.

கூண்டுப் பறவையை விட்டு வெளியே வந்தால், மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியில் வரையும் அனுபவசாலிகள் ஒரே தாளில் ஐந்தாறு அரைகுறைக் கோட்டுருவங்களை வைத்துக்கொள்கிறார்கள். மைனா தலையைத் திருப்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். பறவைகள் ஒரே நிலைகளுக்குத் திரும்பத் திரும்ப வருபவை. சற்று நேரத்தில் மைனா பழைய நிலைக்கு வரும்போது பழைய படமும் தொடரும். நடக்கும் புறா தலையை முன்னும் பின்னும் ஆட்டுவதாகத் தோன்றினாலும், உண்மையில் தலை முன்னால் பாய்ந்து சென்று ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. உடல் அதை வந்து எட்டிப்பிடிக்கிறது. பார்வையை நிலைப்படுத்தவே இந்த ஏற்பாடு. 1978இல் ஆய்வாளர் பாரி ஃப்ராஸ்ட் புறாக்களை ஓடுபட்டைமேல் நடக்கவிட்டுப் பார்த்தார். சுற்றுப்புறம் நகராதபோது தலையாட்டம் நின்றுபோனது. வரைபவருக்கு இதில் ஒரு பயன் உண்டு: தலை நிற்கும் அந்தக் கணங்களே பென்சிலுக்கானவை.

தமிழ்நாட்டில் இந்த வகையில் கைதேர்ந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் தம் இறுதி நாள்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்த பத்திக்குத் தம் கையாலேயே படங்கள் போட்டார். மையும் தூரிகையும்தான் கருவிகள், வண்ணம் இல்லை. எழுத்தில் அவர் காட்டும் அதே கவனம் கோட்டிலும் இருக்கிறது. பறவையின் நடத்தையை நெடுநேரம் பார்த்திருந்தவருக்கு மட்டுமே அப்படிக் குறைந்த கோடுகள் போதும்.

இப்படிப் பார்த்து வரைவது கண்ணோடு நிற்பதில்லை; வரைந்தது நினைவிலும் நிற்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். படம் அழகாக இருந்ததா என்பது பொருட்டாக இருக்கவில்லை.

பறக்கும் பறவை மட்டும் நெடுங்காலம் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது. 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எட்டியென் ஜூல் மாரே, துப்பாக்கி வடிவிலான கேமராவால் நொடிக்கு 12 படங்கள் எடுத்தார். சிறகு மேலெழும்போது மணிக்கட்டில் மடங்கிச் சுருங்குவதும், கீழிறங்கும்போது முழுதாக விரிந்து நுனி இறகுகள் மேல்நோக்கி வளைவதும் வரிசையாகப் பதிவாயின. ஆகவே மேலே தூக்கிய சிறகை முழு விரிவில் விறைப்பாக வரைவது பெரும்பாலும் தவறு. வட்டமிடும் பருந்து இதற்கு எளிய தொடக்கம். அது நெடுநேரம் சிறகை அடிப்பதில்லை, விரித்த நுனியில் இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்பதையும் எண்ணிவிடலாம்.

எந்தப் பறவையில் தொடங்கலாம் என்றால், குளக்கரைக் குருட்டுக்கொக்கில். அது அசையாமல் நிற்பதுபோல வேறெதுவும் நிற்பதில்லை. படத்தின் ஓரத்தில் தேதியையும் எழுத வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அடர்ந்த செம்பழுப்பாக மாறிவிடுவதால், தேதி இல்லாத படத்தை வேறு இனம் என்று பின்னர் நினைக்க நேரும். அடுத்து காகம், எங்கும் கிடைக்கும், கறுப்புக்குள் ஊதாப் பளபளப்பைத் தேட வைக்கும். பிறகு ஏழெட்டாகக் கூடித் தாவும் தவிட்டுக்குருவிகள். மீன்கொத்தி அதற்கு அப்புறம். பனை உழவாரனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் விரல்கள் பற்றித் தொங்குவதற்கென்றே அமைந்தவை. கிளையில் அது உட்காருவதில்லை. பகலெல்லாம் வானில் இருந்துவிட்டு, பனையோலையின் அடிப்பக்கத்தில் தொற்றிக்கொண்டு தூங்குகிறது. அதை வரைய விரும்புபவர் சாயங்காலம் பனைமரத்தடியில் காத்திருக்க வேண்டும், முதல் கோட்டைச் செங்குத்தாகப் போட வேண்டும்.